ஆண்கள் பக்கத்துப் பெஞ்சு

எங்கள் கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். (தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்.) நடுவில் பீடம் வரைக்கும் ஒரு சிவப்புக் கம்பளம் போகிறது. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனாலும் அந்தக் கம்பளத்தைக் குறுக்கே தாண்டி எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்த பெண் ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நானே தாண்டினேன்.

புது வருஷத்தின் முதல் ஞாயிறு அது. கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரங்களை இன்னும் யாரும் கழற்றவில்லை. வெளியே சம்பா நெல் பழுத்து நின்றது. ஜன்னல் வழியாக அந்த வாசனையும் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் மல்லிகைப்பூ வாசனையும் கலந்து வந்தன.

மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் எங்களுக்குத் திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்குவதற்கு ஒவ்வொரு பெஞ்சாக எழுந்து பீடத்துக்கு முன்னால் போய் முழங்கால் போடுவோம். என் பெஞ்சின் முறை வந்தது. எல்லோரும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனார்கள். நான் மட்டும் கம்பளத்தைத் தாண்டி, நான்காவது பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் ஆசீர்வாதத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

பாட்டு நிற்கவில்லை, ஆனால் பாதிப் பேர் பாடுவதை நிறுத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். இவர் என்னைப் பார்த்த பார்வையில், பெஞ்சு இடிந்து விழுந்திருந்தால்கூட இவ்வளவு திகைத்திருக்க மாட்டார் என்று தோன்றியது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்வதற்கு முன்னால் இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரில் இதுவரை இவர் குடையைத் தொலைப்பவராகவும் காபி ஆறிவிட்டது என்பவராகவும்தான் வந்து போயிருக்கிறார். "ஒரு வாரமாவது உங்க வீட்டுக்காரரப் பத்தி நல்லதா எழுதுங்க டீச்சர்" என்று பாபநாசத்திலிருந்து ஒரு வாசகி போனில் கேட்டுக்கொண்டார். எழுதுகிறேன் அம்மா. இது அந்த வாரம்தான்.

வசனத்தை வசனமாகவே எடுப்பவர்

திருக்காட்டுப்பள்ளிக்குக் கொஞ்சம் தள்ளி, காவிரியில் பிரிந்து வரும் ஒரு வாய்க்காலின் கரையில் இவருக்கு நிலம். நான் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரே மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், ஒரு கறவை மாடு, ஒரு பெரிய எழுத்து வேதப்புத்தகம்.

சாயங்காலம் கை கால் கழுவிவிட்டு வந்தால் இவர் தினம் ஓர் அதிகாரம் வாசிப்பார். முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரைக்கும் வரிசையாக. முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து. பாதியில் வம்ச வரலாறு வரும். இன்னார் மகன் இன்னார் என்று வாயில் நுழையாத பெயர்களாகப் போகும். "இதத் தாண்டிப் போகக் கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டேன். "அவங்களும் மனுசங்கதானே? பேரையாவது சொல்லுவோம்" என்றார். நான் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்த மாதிரி ஒவ்வொரு பெயராக நிறுத்தி வாசித்து முடித்தார்.

வாசிப்பதோடு நின்றால் பரவாயில்லை. வாசித்ததை அப்படியே செய்துவிடுவார். அதுதான் வம்பு.

பெரிய புயல் ஒன்று கடற்கரையைப் புரட்டிப் போட்ட சமயம், நாலு மூட்டை அரிசியை வேனில் ஏற்றிக்கொண்டு அதிராம்பட்டினம் பக்கம் போனார். மறுநாள் திரும்பி வந்தபோது யாரோ ஒருவருடைய கைலியும், இரண்டு ஆள் நுழையலாம் போன்ற ஒரு சட்டையும் போட்டிருந்தார். தன் வேட்டி சட்டையோடு, மாற்றுத் துணி வைத்திருந்த பையையும் கொடுத்துவிட்டாராம். இரண்டு அங்கி இருப்பவன் இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்று வசனம் இருக்கிறதே என்றார். "அதுல ஒண்ணத்தானே குடுக்கச் சொல்லியிருக்கு?" என்று கேட்டேன். "அங்க ரெண்டு பேரு நின்னாங்க" என்றார். வெறும் துண்டோடு நின்றவரைப் பார்த்து, வீடு இழந்த ஒரு பாய்தான் தன் கைலியையும் சட்டையையும் கொடுத்துச் சாப்பாடும் போட்டு அனுப்பியிருக்கிறார். அந்தச் சட்டையை இவர் இன்னும் வயலுக்குப் போட்டுப் போகிறார்.

இப்படிப்பட்டவர் நாலைந்து வருஷமாகத் திருவிருந்து எடுக்கவில்லை. ஒரு ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவார். பாடுவார், ஜெபிப்பார். பெஞ்சு எழும்போது இவர் மட்டும் எழ மாட்டார்.

காரணத்தை ஒளித்ததும் இல்லை. பீடத்துக்கு வரும்போது சகோதரனுக்கு நம் மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொல்லியிருக்கிறார். இவருக்கும் இவர் தம்பி மோசஸுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் குருவானவர், நாங்கள் ஐயர் என்று கூப்பிடுவோம், சின்ன வயதுக்காரர். முதன்முதலாகத் தனிச் சபைக்கு வந்தவர். ஒருநாள் வீட்டுக்கு வந்து பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்.

"மனத்தாங்கல் யாருக்குத்தான் இல்ல? எல்லாரும் வர்றாங்கல்ல. நீங்களும் வாங்க ஐயா."

"அப்ப அந்த வசனத்த இனிமே கோயில்ல வாசிக்காதீங்க ஐயரே" என்றார் இவர்.

ஐயர் என்னைப் பார்த்தார். நான் அவருக்கு இன்னொரு முறுக்கு வைத்தேன். வேறு என்ன செய்வது?

"சரி, அப்படின்னா தம்பிகிட்டப் போய்ப் பேசிட வேண்டியதுதானே?" என்று நான் கேட்காத நாள் இல்லை. அதற்கும் பதில் வைத்திருந்தார். "மனசு வரல. வராமப் போயிக் கையப் புடிச்சா அது பொய்யி. பொய் சொல்லிட்டு அப்பம் வாங்கணுமா?"

தொட்டித் தண்ணீர்

மோசஸ் இவரைவிடப் பத்து வயது இளையவன். வாய்க்காலுக்கு அந்தக் கரையில் அவன் பங்கு நிலமும் வீடும். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனவர் இவர்தான். நடுவில் சில வருஷம் குடியில் விழுந்து கிடந்தான். அந்தக் கரையில் புதிதாக வந்த சபைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் எழுந்தான். அதை நாங்கள் யாரும் மறுத்ததில்லை. "எந்தக் கோயில்னா என்ன, என் தம்பி எந்திரிச்சிட்டான்" என்று இவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எங்கள் சபையில் குழந்தையின் நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுப்பார்கள். மோசஸின் சபையில் அது கணக்கில் வராது. விவரம் தெரிந்த வயதில், தானே ஒப்புக்கொண்டு, தண்ணீருக்குள் முழுவதும் முழுகி எழ வேண்டும். நகை போடுவதும் அவர்களிடம் இல்லை.

என் மாமியார் ஒரு நடவுப் பருவம் எங்களோடும் ஒரு பருவம் மோசஸோடும் இருப்பார். மோசஸ் வீட்டில் இருந்த ஒரு பருவத்தில், ஒரு ஞாயிறு மத்தியானம், அவன் பம்புசெட் தொட்டியில் அவருக்கு முழுக்கு ஞானஸ்நானம் நடந்தது. அந்தச் சபையே பாட்டுப் பாடிக்கொண்டு சுற்றி நின்றிருக்கிறது. எங்களுக்கு ஒரு வார்த்தை இல்லை.

சேதி சொன்னவர் பக்கத்து வயல் கலியபெருமாள் அண்ணன்.

"என்ன தம்பி, அம்மாவத் தொட்டில முக்கி எடுத்தாங்களே, உடம்புக்கு ஏதும் முடியலையா?"

ஏதோ நாட்டு வைத்தியம் என்று நினைத்திருக்கிறார், பாவம். இவர் மம்பட்டியை வரப்பில் போட்டுவிட்டு ஓடினார். நானும் பின்னால் போனேன். மாமியார் வாசலில் உட்கார்ந்து தலையை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பண்ணுனாங்க உன்னைய?"

"தண்ணி குளுகுளுன்னு நல்லா இருந்துச்சுடா."

"சின்னப் பிள்ளையில வாங்குனது என்ன ஆச்சு?"

"அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும். ரெண்டுமே ஆண்டவர் பேர்ல குடுத்ததுதானே?"

மாமியாருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. இவருக்குத்தான் அவர் காதைப் பார்த்ததும் முகம் மாறியது. இவர் முதல் விளைச்சலில் வாங்கிப் போட்ட தோடு அந்தக் காதில் இல்லை. மோசஸ் உள்ளே இருந்து வந்தான். வார்த்தை முற்றியது. "நீங்க இன்னும் ரட்சிக்கப்படல அண்ணே, அதான் உங்களுக்குப் புரியல" என்று அவன் சொன்னான். வளர்த்தவரைப் பார்த்து அப்படிச் சொன்னதை என்னாலும் தாங்க முடியவில்லை. "இனிமே நீ எனக்குத் தம்பி இல்ல" என்று இவர் சொல்லிவிட்டு வந்தார்.

மாமியார் அதற்குப் பிறகும் நன்றாகத்தான் இருந்தார். தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். பெட்டியின் முன்பக்கத்தை அண்ணன் ஒரு தோளிலும் தம்பி ஒரு தோளிலும் சுமந்து வந்தார்கள். கல்லறைத் தோட்டம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஸ்டேட்டஸ் யுத்தம்

எதிரெதிர்க் கரையில் நிலத்தை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. மடையைத் திறக்க வேண்டும், அடைக்க வேண்டும், அறுப்பு மெஷினுக்குச் சொல்ல வேண்டும். இருவரும் கலியபெருமாள் அண்ணனைப் பார்த்துத்தான் பேசுவார்கள். மோசஸ் பத்தடி தூரத்தில் நிற்கும்போதே, "அண்ணே, தண்ணிய அந்தாண்ட விடச் சொல்லுங்க" என்பார் இவர். அவரும் திரும்பி, "தண்ணிய விடணுமாம்" என்பார். "சாமி ஒண்ணுதானே உங்களுக்கு? நடுவுல நான் எதுக்கு?" என்று என்னிடம் அலுத்துக்கொள்வார்.

இது போதாது என்று கைபேசி வந்து சேர்ந்தது. மோசஸ் காலையில் முழுக்கு ஞானஸ்நானத்தைப் பற்றிய வசனம் ஒன்றை ரோஜாப்பூப் படத்தோடு ஸ்டேட்டஸ் வைப்பான். இவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அதைப் பார்ப்பார். பத்து மணிக்குள் இவர் ஸ்டேட்டஸில் பெற்றோரைக் கனம்பண்ணும் கட்டளை வந்துவிடும். சாயங்காலம் மோசஸ் வேதம் படித்தும் வேஷம் போடும் மாயக்காரரான வேதபாரகரைப் பற்றி ஒன்று வைப்பான். மறுநாள் இவர் அண்ணன் தம்பிச் சண்டையான காயீன் ஆபேல் கதைக்குப் போய்விடுவார். அவன் மனைவி எஸ்தரும் நானும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். "அக்கா, இன்னிக்கு மாமா என்ன வசனம் வெச்சிருக்காங்க?" என்று பயந்துகொண்டே கேட்பாள். மனிதரை ஆற்றுவதற்கு எழுதப்பட்ட வசனங்களை இவர்கள் கல் மாதிரி எறிந்து விளையாடினார்கள். எனக்குச் சிரிப்பாகவும் வரும், எரிச்சலாகவும் வரும்.

ஒன்று மட்டும் கவனித்தேன். மோசஸின் ஸ்டேட்டஸை முதலில் பார்ப்பவர் இவர்தான். ஒரு நாள் அவன் எதுவும் வைக்கவில்லை என்றால் இவருக்குச் சோறு இறங்காது. "எஸ்தருக்குப் போன் போட்டு, எல்லாரும் நல்லாருக்காங்களான்னு கேளு. நான் கேட்டேன்னு சொல்லாத" என்பார்.

தஞ்சாவூரில் சொன்னது

அந்த மார்கழியில் எனக்கு வயிற்றுவலி வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இருக்கிறது, எடுக்க வேண்டும், எடுத்துப் பரிசோதித்தால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும் என்றார் டாக்டர். புது வருஷத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது.

வாசகர்கள் பதற வேண்டாம். அது சாதாரணக் கட்டிதான் என்று பிறகு தெரிந்தது. இதை எழுதிக்கொண்டிருப்பதும் நான்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

விசுவாசம், விசுவாசம் என்று வாழ்நாள் முழுவதும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். பயப்படாதே என்று வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று கேட்டால் அங்கங்கே எடுத்துக் காட்டுவேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அதில் ஒன்றுகூட என் ஞாபகத்துக்கு வரவில்லை. பயம்தான் இருந்தது. நன்றாகவே இருந்தது. மகள் நிறைமாசம், விமானம் ஏற முடியாது. அழுதாள். "அப்பா ஒத்தையா என்ன பண்ணுவாரு?" என்பதுதான் அவள் கவலை.

இவரோ பயந்த மாதிரியே காட்டவில்லை. மாட்டுக்கு வைக்கோல் போட்டார், அறுப்பு மெஷினுக்குச் சொல்லி வைத்தார், சாயங்காலம் தவறாமல் அதிகாரம் வாசித்தார். "எல்லாம் ஆண்டவர் பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். எனக்குக் கோபமாக வந்தது.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம திருவிருந்துக்கு என்கூட வாங்க. ஆபரேஷனுக்குப் போறதுக்கு முன்னால ஒரு தடவ ரெண்டு பேரும் சேந்து முழங்கால் போடணும்."

கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"பொய்யா வரவா?" என்றார்.

வாங்க என்று சொல்லியிருந்தால் வந்திருப்பார். எனக்காக மனசாட்சியைக் கொன்றுகொண்டு வந்து முழங்கால் போட்டிருப்பார். நான் சொல்லவில்லை. அப்படி ஒரு மனிதரைத்தானே கட்டிக்கொண்டேன்?

"உனக்கு யார் மேல கோவம்?"

இப்போது பெஞ்சுக்கு வருவோம்.

நான் உட்கார்ந்ததும் இவர் குனிந்து கிசுகிசுத்தார்.

"என்ன இது, ஆம்பளைங்க பக்கம் வந்து உக்காந்துக்கிட்டு? போ, போயி அப்பம் வாங்கு."

"என்னால வாங்க முடியாது."

"ஏன்?"

"எனக்கும் ஒருத்தர் மேல கோவம் இருக்கு. அதத் தீத்துக்காம வாங்கக் கூடாதுல்ல?"

"உனக்கு யார் மேல கோவம்?"

"உங்க மேல."

நான் திட்டம் போட்டுப் பேசவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது அப்பம் வாங்கும் எண்ணத்தோடுதான் கிளம்பினேன். பெஞ்சு எழுந்தபோது, உள்ளே இருந்த கோபம் அப்படியே இருந்தது. இவர் சொல்லும் வசனம் இவருக்கு மட்டுமா? எனக்கும்தானே?

"ஆபரேஷனுக்குப் போற, கிரேஸு" என்றார். "இத எடுக்காம போகாத."

"நீங்க இல்லாம எடுக்க மாட்டேன்."

கடைசிப் பெஞ்சும் போய்த் திரும்பிவிட்டது. ஐயர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கப்படி, "இன்னும் யாராவது உண்டா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

இவர் எழுந்தார். பீடத்துக்குப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இவர் வாசலைப் பார்த்து நடந்தார். செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி, வயலுக்குள் இறங்கி வரப்பில் நடப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

கோபித்துக்கொண்டு போகிறார் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். ரொம்பவும் இழுத்துவிட்டேனோ? ஐயர் ஆர்கன் வாசிப்பவரைப் பார்த்து, "இன்னொரு தடவ பாடலாம்" என்றார். சபை முதல் சரணத்திலிருந்து மறுபடி பாடத் தொடங்கியது.

வாய்க்காலுக்கு அந்தக் கரை

மோசஸின் சபை கூடும் தகரக் கொட்டகை எங்கள் கோயிலுக்கு நேர் எதிரே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். எங்களுக்கு ஆராதனை முடியும் நேரத்தில்தான் அவர்களுக்குச் சூடு பிடிக்கும். வாசலில் வைத்திருக்கும் ஸ்பீக்கர் பாக்ஸ் எங்களைப் பார்த்துத்தான் இருக்கும். வழக்கமாக அது எங்களுக்குத் தொந்தரவு.

பாட்டு முடிந்து நாங்கள் மூச்சு விட்ட நேரத்தில் அந்தப் பாக்ஸிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. சாட்சி நேரம் போலிருக்கிறது. ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து மைக்கில் சொல்வார்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் சபை அல்லேலூயா சொல்லும். அந்தப் பெண் முடித்ததும் ஒரு இளைஞனின் குரல்:

"புதுசா ஒரு சகோதரர் வந்திருக்காங்க. அவங்க சாட்சி சொல்லுவாங்க. அல்லேலூயா!"

பிறகு எஸ்தர் எனக்குச் சொன்னாள். இவர் முழங்கால் வரை சேற்றோடு வாசலில் நின்று தம்பியைத் தேடியிருக்கிறார். வெளியூரிலிருந்து வந்திருந்த அந்தப் பையனுக்கு இவரைத் தெரியாது. சாட்சி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று மைக்கைக் கையில் திணித்துவிட்டான். எங்கள் கோயிலில் அறிவிப்பு வாசிக்கக்கூட எழுந்து நிற்காத மனிதர் கையில்.

பாக்ஸில் ஓர் இருமல் கேட்டது. அந்த இருமல் எனக்குத் தெரியாதா?

"நான் சாட்சி சொல்ல வரலைங்க" என்றது இவர் குரல்.

"அல்லேலூயா!" என்றது கொட்டகை.

"எந்தம்பியப் பாக்க வந்தேன்."

"ஸ்தோத்திரம்!"

எங்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஐயர் தட்டைப் பிடித்தபடி ஜன்னலுக்கு நகர்ந்தார்.

"மோசஸு, எங்கடா இருக்க? ஆங்... அம்மாவத் தொட்டில முழுக்குனது தப்புன்னுதான் நான் இப்பவும் நெனைக்கிறேன்."

பழக்க தோஷத்தில் ஒரே ஒரு குரல் "ஆமென்" என்று சொல்லிவிட்டுப் பாதியில் நின்றது. எங்கள் கோயிலே சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன்.

"அத ஆண்டவர் பாத்துக்கட்டும். எனக்கு அது இல்லடா. என்னைய ஒரு வார்த்த கூப்புடலியே நீ. கூப்புட்டிருந்தா சண்டதான் போட்டிருப்பேன். ஆனா வந்து கரையில நின்னுருப்பேன். அம்மா ஏறி வந்ததும் துவட்டுறதுக்குத் துண்டாவது புடிச்சிருப்பேன்."

இப்போது அல்லேலூயா வரவில்லை.

"நீ எனக்குத் தம்பி இல்லன்னு சொன்னேன். அது பொய்யி. அத நான் சொல்லியிருக்கக் கூடாது."

மறுபடி ஓர் இருமல்.

"செவ்வாக்கெழம உங்க அண்ணிக்கு ஆபரேஷன். எனக்குப் பயமா இருக்குடா. கைகால் ஓட மாட்டேங்குது. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல, அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு கண்ண மூடிப் படுத்துக் கெடக்குறேன். அந்த ஆஸ்பத்திரில என்னால ஒத்தையா உக்கார முடியாது. வாடா."

பாக்ஸில் டொக்கென்று மைக் விழுந்த சத்தம். அதற்கு மேல் ஒரு கீச்சொலி. அதையும் தாண்டி, தூரத்தில், "அண்ணே" என்று மோசஸ் அலறியது மைக் இல்லாமலே எங்களுக்குக் கேட்டது.

நான் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். எல்லாம் ஆண்டவர் பாத்துக்குவாரு என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார் என்று எத்தனை நாள் இந்த மனிதரைப் பார்த்துப் பொருமியிருக்கிறேன்!

இருவரும் வரப்பின் மேல் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மோசஸ் எங்கள் கோயில் படியேறிப் பல வருஷம் ஆகியிருந்தது. உள்ளே வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். இவர் சேற்றுக் காலோடு நேராக என்னிடம் வந்தார்.

"இப்பக் கோவம் போச்சா?"

"பாதி போச்சு."

"அது என்ன பாதி?"

"பயமா இருக்குன்னு என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீயும் பயப்படுவியேன்னு நெனச்சேன்."

"நான் ஏற்கெனவே பயந்துதான் கெடக்குறேன்."

"அப்படியா?" என்றார். நிஜமாகவே அவருக்கு அது தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பயந்துகொண்டு இருந்திருக்கிறோம்.

"சரி, போச்சு. வாங்க" என்றேன்.

சிவப்புக் கம்பளத்தில் சேற்றுத் தடம் பதிய நடந்து போய் பீடத்துக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டோம். ஐயர் அப்பத்தை வைத்தார். இவர் அதை வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் எழவில்லை. தோள் குலுங்கியது. நான் முதுகில் கை வைத்தேன்.

தியேட்டர் வாசல்

செவ்வாய்க்கிழமை காலையில் என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் இவர், ஒரு பக்கம் மோசஸ். இவர் சட்டைப்பையிலிருந்து ஜெபப் புத்தகத்தை எடுத்தார். எங்கள் வழக்கம் அது. எந்தச் சமயத்துக்கும் ஓர் அச்சடித்த ஜெபம் உண்டு. பக்கத்தைத் திறந்தார். இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். மூடி மறுபடி பையில் வைத்துவிட்டார்.

"மோசஸு, நீ ஜெபம் பண்ணுடா."

மோசஸ் இரண்டு பக்கமும் பார்த்தான். "அண்ணே, இங்க அமைதியா இருக்கணும்னு போர்டு வெச்சிருக்காங்க. மெதுவாப் பண்றேன்."

மெதுவாகத்தான் தொடங்கினான். இரண்டாவது வாக்கியத்தில் குரல் ஏறியது. மூன்றாவது வாக்கியத்தில் தாழ்வாரம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அண்ணியைத் தொடும், அண்ணியைத் தொடும் ஆண்டவரே என்று அழுதுகொண்டே கையை உயர்த்திக் கூவினான். உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வேகமாக வந்து, உதட்டில் விரலை வைத்து உஸ் என்றாள்.

இவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க சிஸ்டர். என் தம்பிக்கு மெதுவா ஜெபம் பண்ண வராது."

சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, அதே சத்தத்தில் "ஆமென்" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். கதவைச் சாத்திய பிறகும் மோசஸின் குரலும் அதற்கு இவர் சொல்லும் ஆமெனும் கேட்டுக்கொண்டிருந்தன. மயக்க ஊசி போட வந்த டாக்டர் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரும்மா அது, வெளியில இவ்வளவு சத்தம்?"

"எங்க வீட்டு ஆளுங்கதான் டாக்டர்" என்றேன்.